அழுதையில் எடுத்த கல்

போன இதழில் சபரிமலை பெரிய பாதையில் இருக்கும் தாவளங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எருமேலியில் இருந்து பம்பை வரை காட்டுவழியில் சாமிமார் நின்று, குளித்து, கும்பிட்டு, ராத்திரி தங்கிப் போகிற இடங்களைத்தான் தாவளம் என்கிறோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அழுதை நதியைப் பற்றியும் அதற்கு மேலே இருக்கும் கல்லிடும் குன்றைப் பற்றியுமே கேட்டிருந்தன. கார்த்திகை பிறக்க இன்னும் நாள் இருக்கும்போதே மாலை போடப் போகிறவர்கள் யோசிக்க ஆரம்பித்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் கன்னிசாமியாக, அதாவது முதல் தடவையாக, மலைக்குப் போகிறேன். எங்கள் குருசாமி பெரிய பாதைதான் என்று சொல்லிவிட்டார். அழுதையில் முங்கி ஒரு கல் எடுத்து, மேலே ஏறிப் போய்ப் போட வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் "வந்து பார், தெரியும்" என்கிறார். எதற்காக அந்தக் கல்?
— தேனி வாசகர்

உங்கள் குருசாமி சொன்னது சரியான பதில்தான் சாமி. ஆனாலும் கதை தெரிந்து போனால் கால் வலி கொஞ்சம் குறையும், அதனால் சொல்கிறேன்.

மகிஷாசுரனின் தங்கை மகிஷி. அரனுக்கும் அரிக்கும் பிறந்த பிள்ளையைத் தவிர வேறு யாராலும் தன்னைக் கொல்ல முடியாது என்று வரம் வாங்கி வைத்திருந்தாள். பந்தளத்து ராஜாவின் வளர்ப்பு மகனாக இருந்த மணிகண்டன், புலிப்பால் கொண்டுவரக் காட்டுக்குள் போகிறபோது அவளோடு சண்டை நடக்கிறது. அந்தச் சண்டை நடந்த இடம் இந்த அழுதைக் கரை என்பது நம்பிக்கை. தோற்று விழுந்த மகிஷி செய்ததை நினைத்து அழுதாள், அந்தக் கண்ணீர்தான் ஆறாக ஓடுகிறது, அதனால்தான் அழுதை என்று பேர் என்பார்கள். விழுந்தவளின் உடம்பு மேல் ஏறி நின்று மணிகண்டன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பரமசிவனே வந்தாராம், வந்தவர் தன் காளையைக் கட்டிவிட்டு நின்ற இடம்தான் அழுதைக்குச் சற்று முன்னால் வருகிற காளைகட்டி. நீங்கள் எருமேலியில் முகமெல்லாம் வர்ணம் பூசிக்கொண்டு, கையில் மரக்கத்தியும் சரக்கோலும் பிடித்துத் துள்ளுகிறீர்களே பேட்டைத்துள்ளல், அது இந்த வெற்றியைக் கொண்டாடுகிற ஆட்டம்தான். அதாவது எருமேலியில் ஆடிய ஆட்டத்தின் மறுபாதி அழுதையில் இருக்கிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். மகிஷியின் உடம்பு திரும்ப வளர்ந்துவிடக் கூடாது என்று, அவளைப் போட்ட இடத்தைக் கல்லால் மூடினார்களாம். அந்த இடம்தான் கல்லிடும் குன்று. அழுதையில் முங்கி எழும்போது கைக்குக் கிடைக்கிற கல்லை எடுத்து, மடியில் கட்டிக்கொண்டு, அழுதை ஏற்றம் ஏறி அங்கே கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். குருசாமி முன்னால் முங்குவார், அவர் சொன்ன பிறகு கன்னிசாமிகள் முங்குவார்கள்.

நான் கன்னிசாமியாகப் போன வருஷம் எனக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை. தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்தது, முங்கினேன், காலடியில் தட்டுப்பட்ட ஒரு கல்லை எடுத்தேன், அப்புறம் அந்த ஏற்றம். தலையில் இருமுடி, இடுப்பில் ஈர வேட்டி, மடியில் கல். வேர்களைப் படியாகப் பிடித்துக்கொண்டு ஏறினால் மூச்சு நெஞ்சில் நிற்காது, முன்னால் போகிறவருடைய குதிகால்தான் கண்ணுக்குத் தெரியும், "ஏத்தி விடப்பா, தூக்கி விடப்பா" என்று பின்னால் இருந்து யாரோ சரணம் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒரு வழியாகக் குன்றுக்கு வந்து அந்தக் கல் குவியலைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ, எனக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை, ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு கல். அதில் என் தாத்தாவுடைய கல்லும் எங்கோ அடியில் கிடக்கிறது. என் கல்லைப் போட்டதும் அது எது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். குன்றுக்குப் பக்கத்தில் வந்தபிறகு வழியில் கிடக்கிற ஏதோ ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். ஆற்றிலிருந்து எடுத்துவர மறந்திருப்பார்கள், இல்லையென்றால் எதற்கு வீண் சுமை என்று நினைத்திருப்பார்கள். அது கல் போட்ட கணக்கில் வராது என்பது என் அபிப்பிராயம். ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவில் அதைச் சுமந்தீர்களே, அந்த ஏற்றம்தான் காணிக்கை. அதே சமயம் பெரிய கல்லாக எடுத்தால் பெரிய புண்ணியம் என்று எண்ணிச் சிலர் தேங்காய் அளவில் தூக்குகிறார்கள், அதுவும் வேண்டாம். நெல்லிக்காய் அளவு போதும்.

இன்னொன்று. அழுதையில் வனத்துறை ஆட்கள் நேரம் பார்த்துத்தான் மேலே விடுவார்கள். மதியத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுவார்கள், அந்த நேரக் கணக்கு சீசனுக்குச் சீசன் மாறும், எருமேலியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் சண்டை போடாதீர்கள். நீங்கள் நடக்கிற காடு பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது, 1978-லிருந்தே அது புலிகளுக்கான காடு. இருட்டிய பிறகு யானை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அழுதையில் விரி என்கிற கொட்டகை எடுத்துத் தங்கி, ஆழி என்கிற தீ மூட்டி, சரணம் சொல்லிப் படுத்து, விடிந்ததும் ஏறுங்கள். பழைய சாமிமார் அப்படித்தான் செய்தார்கள். அவர்கள் ஆழி வளர்த்ததே குளிருக்கும் காட்டு மிருகத்துக்கும்தான், பூஜையும் அதிலேயே சேர்ந்துகொண்டது.

அழுதைக்கு முன்னால் பேரூர்த்தோட்டில் மீனுக்குப் பொரி போடுகிறார்களே, அது கட்டாயமா?
— சேலம் வாசகர்

கட்டாயம் ஒன்றும் இல்லை. ஐயப்பன் காட்டுக்குள் போகும்போது இளைப்பாறிய இடம் என்பதால் நாமும் கொஞ்சம் உட்கார்ந்து, ஓடையில் இருக்கும் மீனுக்குப் பொரியும் மலரும் போட்டுவிட்டுப் போகிறோம். பேரூர்த்தோட்டைத் தாண்டினால் ஐயப்பனின் பூங்காவனம் ஆரம்பம் என்பார்கள், அதற்குள் நுழையும் முன்னால் அங்கே இருக்கிற ஜீவனுக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டுப் போவது எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம். பொரியைப் பாக்கெட்டோடு கொட்டிவிட்டு அந்தக் கவரையும் அங்கேயே வீசாமல் இருந்தால் சரி.

சரங்குத்தியில் கன்னிசாமிகள் சரம் என்கிற அம்பைக் குத்துவதால் மாளிகைப்புறத்தம்மனுக்குக் கல்யாணம் நடக்காமல் போகிறது என்று என் பாட்டி சொல்வார். அப்படியானால் நாம் அம்மனுக்குக் கஷ்டம் கொடுக்கிறோமா? இந்தக் கேள்வி சின்ன வயதிலிருந்தே எனக்குள் இருக்கிறது.
— கோயம்புத்தூர் வாசகி

இந்தக் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன் அம்மா. அழுதையில் விட்ட கதைதான் சரங்குத்தியில் தொடர்கிறது, ஆனால் நிறையப் பேர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மகிஷி முன்பிறவியில் காலவ முனிவரின் மகள், லீலா என்று பேர். சாபத்தால் மகிஷியாகப் பிறந்தவள். அழுதைக் கரையில் உயிர் போனதும் சாபம் தீர்ந்து பழைய உருவம் வருகிறது, எழுந்து நின்று தன்னை விடுவித்த ஐயப்பனையே கைப்பிடிக்கக் கேட்கிறாள். நான் நைஷ்டிக பிரம்மசாரி, என்னைத் தேடிக் கன்னிசாமி வராத வருஷம் எதுவோ அந்த வருஷம் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லி, தன் இடப்பக்கத்திலேயே மாளிகைப்புறத்தில் இருக்க இடம் கொடுக்கிறார். கல்லிடும் குன்றில் யார் மேல் கல் போட்டுவிட்டு வந்தோமோ, அவளைத்தான் மேலே போய் அம்மா என்று கும்பிடுகிறோம். இந்தக் கதையை வேறு மாதிரி சொல்பவர்களும் உண்டு. ஐயப்பன் களரி படித்த சீரப்பன்சிறைக் குடும்பத்துப் பெண்தான் மாளிகைப்புறத்தம்மன் என்று ஆலப்புழைப் பக்கம் சொல்வார்கள். நான் குருசாமி வாயால் கேட்டது மகிஷியின் கதை, அதையே மனசில் வைத்திருக்கிறேன்.

எருமேலியில் பேட்டை துள்ளும்போது கன்னிசாமி கையில் எடுத்த சரத்தை அழுதை, கரிமலை, பம்பை எல்லாம் தாண்டிக் கொண்டுவந்து சரங்குத்தி ஆலில் குத்த வேண்டும். ஐயப்பனோடு வந்த படை தன் ஆயுதங்களைக் கீழே வைத்த இடம் அது. மகரவிளக்கு முடிந்து நடை சாத்தப் போகிற நாட்களில் மாளிகைப்புறத்திலிருந்து சரங்குத்திக்கு அம்மன் எழுந்தருளிப்பு நடக்கும். போகும்போது தீவட்டி, மேளம் என்று அமர்க்களமாக இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் அந்த வருஷத்துச் சரங்கள் குவிந்து கிடக்கும், அந்த வருஷமும் கன்னிசாமிகள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். திரும்பி வரும்போது மேளம் கிடையாது, தீவட்டியும் அணைந்திருக்கும், சத்தமே இல்லாமல் வருவார்கள்.

நாம் கஷ்டம் கொடுக்கிறோமா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. வருஷா வருஷம் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாளே, அந்தக் காத்திருப்பைத்தானே நாம் கும்பிடுகிறோம். வேண்டியது கிடைத்த தெய்வத்தைவிட, வேண்டியதற்காகக் காத்திருக்கும் தெய்வத்திடம் நம் கஷ்டத்தைச் சொல்வது எளிது என்று என் அம்மா சொல்வார். மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் "எனக்காக மாளிகைப்புறத்தில் ஒரு நிமிஷம் கூட நில்லு" என்று சொல்லித்தான் அனுப்புவார். உங்கள் பாட்டியும் அதே மனசோடுதான் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்.

பம்பையில் குளித்ததும் கட்டியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டால் பாவம் போகும் என்று எங்கள் குழுவில் எல்லாரும் விடுகிறார்கள். இந்த வருஷம் கேரளப் போலீஸ் தடுத்ததாகக் கேள்விப்பட்டேன். இது நம் வழக்கத்தில் தலையிடுவது ஆகாதா?
— மதுரை வாசகர்

இல்லை சாமி. இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அழுதையில் கல் எடுப்பதும், சரங்குத்தியில் சரம் குத்துவதும், அப்பாச்சிமேட்டில் உருண்டை எறிவதும் குருமார் கைமாற்றி வந்த வழக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. பம்பையில் துணி விடுவதற்கு அப்படி எந்தக் கதையும் கிடையாது, எந்த ஆசாரமும் கிடையாது. சபரிமலைத் தந்திரிமாரும் தேவஸ்வம் போர்டும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள், கேரள உயர்நீதிமன்றமும் தடை போட்டிருக்கிறது, நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படியும் நடவடிக்கை வரும். துணி விடுகிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய என்பது எனக்கு மனசை அறுக்கிறது. பம்பையைத் தட்சிண கங்கை என்று வாயால் சொல்லிவிட்டு, ஈர வேட்டியை அதில் கழற்றி எறிந்துவிட்டு வருவது என்ன பக்தி? சீசன் முடியும்போது ஆற்றிலிருந்து துணியை மூட்டை மூட்டையாக வாரி எடுக்கிறார்கள், கரையில் நின்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் கீழே எத்தனை ஊர்களுக்குப் போகிறது! 176 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு அது.

பாவம் போக வேண்டும் என்றால் பம்பையில் செய்வதற்கு நல்ல காரியங்கள் இருக்கின்றன. திரிவேணியில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கலாம். பெரிய பாதை வந்த குழுக்கள் கரையில் அடுப்பு மூட்டிப் பம்பை சத்யா என்கிற விருந்து சமைத்து, தெரியாத சாமிமாரையும் கூப்பிட்டு இலை போடுவது வழக்கம், ஐயப்பனே ஏதோ ஒரு வேஷத்தில் பந்தியில் வந்து உட்காருவார் என்று நம்பிக்கை. அந்த அடுப்புச் சாம்பலைப் பல இடத்திலிருந்து எடுத்துச் சலித்துப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் குழுவில் அதைச் செய்யுங்கள். ஈர வேட்டியைப் பிழிந்து பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

1990-களில் பத்து வருஷம் தொடர்ந்து போனவன் நான். அப்போதெல்லாம் பம்பை மணப்புறத்தில், அதாவது ஆற்று மணற்கரையில், ராமமூர்த்தி மண்டபத்தில்தான் படுப்போம். பேரனோடு இந்த வருஷம் போகலாம் என்று இருக்கிறேன். முட்டிவலி இருக்கிறது, பம்பையிலிருந்து ஏறுகிற சின்னப் பாதைதான். பெரிய பாதையில் போகாவிட்டால் தாவளங்கள் எல்லாம் விட்டுப்போன மாதிரி ஆகிவிடாதா?
— திருநெல்வேலி வாசகர்

அந்த மண்டபம் இப்போது இல்லை ஐயா. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை திரிவேணி முழுக்க உருமாறிப்போயிற்று, மண்டபமும் போய்விட்டது. நீங்கள் படுத்துத் தூங்கின மணப்புறத்தை நினைத்துக்கொண்டு போனால் முதலில் ஒரு நிமிஷம் இடம் தெரியாமல் நிற்பீர்கள், நான் அப்படித்தான் நின்றேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நிலக்கல் வரைக்கும்தான் பெரிய வண்டிகள், அங்கிருந்து பம்பைக்கு அரசு பஸ் மாறிப் போக வேண்டும். வயசானவர் கூட இருக்கும்போது இந்த ஏறி இறங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிளம்புமுன் ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளச் சொல்லிப் பேரனிடம் விடுங்கள்.

தாவளம் விட்டுப்போகுமே என்ற கவலை வேண்டாம். பம்பையிலிருந்து சன்னிதானம் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள்ளேயே எத்தனை இடம்! பம்பை கணபதியிடம் தேங்காய் உடைத்துவிட்டு ஆரம்பித்தால் நீலிமலை ஏற்றம். அதன் மேலே அப்பாச்சிமேடு, இப்பாச்சிக் குழி. துர்தேவதைகளை அடக்கி வைத்த இடம் என்பதால் கன்னிசாமிகள் அரிசிமாவு உருண்டையும் வெல்ல உருண்டையும் அந்தக் குழியில் எறிவார்கள். உங்கள் பேரன் கன்னிசாமி என்றால் உருண்டையை வீட்டிலேயே பிடித்து எடுத்துப் போங்கள், எறியும்போது அவன் முகத்தைப் பாருங்கள். அடுத்தது சபரி பீடம். ராமனுக்குக் கனி கொடுத்த சபரி தவம் இருந்த இடம், மலைக்குப் பேரே அவளுடையது. அத்தனை கூட்டம் அவளைத் தாண்டி வேகமாகப் போவதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். வயசான காலத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வழி பார்த்தவள் அவள். முட்டிவலியோடு ஏறி வருகிற நீங்கள் அங்கே பத்து நிமிஷம் உட்காருங்கள் ஐயா, உங்களைப் போலப் புரிந்துகொண்டு உட்காருகிறவர்கள் குறைவு. மரக்கூட்டத்தில் பாதை பிரியும். சரங்குத்தி வழியில் கூட்டத்தில் நெடுநேரம் நிற்க வேண்டி வரலாம், இன்னொரு வழி சந்திராநந்தன் ரோடு. பேரன் கையில் சரம் இருந்தால் சரங்குத்தி வழியே போகப் பாருங்கள். முடியாவிட்டால் குழுவில் யாராவது அவனைக் கூட்டிப் போகட்டும், நீங்கள் மெதுவாக வாருங்கள்.

நீலிமலை ஏற்றம் செங்குத்து. நெஞ்சு படபடத்தால் சரணத்தை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், வழியெல்லாம் ஆக்சிஜன் கொடுக்கிற மருத்துவ மையங்கள் இருக்கின்றன. கூச்சப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். முடியாதபட்சத்தில் டோலி எடுப்பதும் தப்பில்லை.

என் மகளுக்கு 8 வயது. அப்பாவோடு மாளிகைப்புறமாக, அதாவது பெண் சாமியாக, மாலை போடுகிறாள். பெரிய பாதையில் போக வேண்டும், கல் எடுக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். அனுப்பலாமா?
— ஈரோடு வாசகி

அவளுடைய ஆசையை நினைத்தால் மனசு நிறைகிறது அம்மா. ஆனால் எருமேலியிலிருந்து முழுப் பாதையும் வேண்டாம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடை, அழுதை ஏற்றம் முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, அப்புறம் கரிமலை வந்துவிடும். கரிமலையை ஏழு தட்டு என்பார்கள், ஒரு தட்டு முடிந்தது உச்சி வந்துவிட்டது என்று நினைத்தால் அடுத்தது தெரியும். உச்சியில் கிணற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தால், ஏற்றத்தைவிட இறக்கம் முட்டியைக் கொல்லும். கரிமலை தாண்டிச் சிறியானை வட்டமும் பெரியானை வட்டமும் வருகிற வரைக்கும் பெரியவர்களே தள்ளாடுவார்கள். ஈரமாக இருந்தால் அட்டைக் கடி வேறு.

என் யோசனை இது. காளைகட்டி வரை வண்டி போகும். அப்பா அவளை அங்கே கூட்டிப்போய்க் கும்பிட்டுவிட்டு, மெதுவாக அழுதை வரை நடந்து, ஆற்றில் குளிக்கட்டும். அவள் கையால் ஒரு கல் எடுத்து, கூட வருகிற பெரிய பாதை சாமியிடம் கொடுத்து "எனக்காகப் போடுங்க சாமி" என்று சொல்லட்டும். அதைக் கேட்டு மறுக்கிற சாமியை நான் இதுவரை பார்த்ததில்லை. பிறகு வண்டியில் திரும்பி, நிலக்கல் வழியாகப் பம்பை போய், சின்னப் பாதையில் அப்பாவோடு ஏறட்டும். காட்டில் எந்த இடத்திலும் அவளைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டத்தைக் கண்டால் விலகி நிற்க வேண்டும், தள்ளிக்கொண்டு போகக் கூடாது. 1999-லும் 2011-லும் மகரஜோதி அன்று பம்பையிலும் புல்மேட்டிலும் நடந்த நெரிசலை நான் மறக்கவில்லை. மகரவிளக்கு நாளைத் தவிர்த்து, கார்த்திகை முதல் வாரங்களில் ஏதாவது ஒரு சாதாரண நாளில் போவது குழந்தைக்கு நல்லது.

பெரிய பாதையில் பிறர் அவளுக்காகப் போடும் கல்லைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் கரையில் நின்று அழுவாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அழுதையில் எடுத்த கல்லைக் குன்றில் போட மறந்துவிட்டேன். மழை, இருட்டு, குருசாமி வேகமாகப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போது மடியிலிருந்து விழுந்தது. அதற்கப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் என்னால் மலைக்குப் போக முடியவில்லை. கல் பூஜை அறையில் இருக்கிறது. அதனால்தான் இப்படி ஆயிற்றோ என்று தூக்கம் வருவதில்லை.
— நாமக்கல் வாசகர்

முதலில் ஒன்று. உங்கள் அப்பாவின் உடம்புக்கும் அந்தக் கல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மழையில் வழி தெரியாமல் போன கன்னிசாமியின் வீட்டில் நோயைக் கொண்டுவந்து வைக்கிற தெய்வமா ஐயப்பன்? காந்தமலை ஜோதியான அவரை அப்படி நினைக்காதீர்கள். இந்த மூன்று வருஷமும் அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டீர்கள், அதுவும் ஒரு விரதம்தான். அவருக்கு டாக்டர் சொன்ன மருந்தை விடாமல் கொடுங்கள், கல்லைப் பார்த்துப் பயப்படுவதை விடுங்கள்.

கல்லை அப்படியே பூஜை அறையில் வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம், யாருக்கும் ஒளிக்கவும் வேண்டாம். ஒரு சின்ன மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தேறி நீங்கள் போக முடிகிற வருஷம் வந்தால் அதை எடுத்துப்போய் அழுதையில் ஒரு முறை நனைத்து, மடியில் கட்டி, நீங்களே ஏறிப் போடலாம். இந்த வருஷமும் முடியாது என்றால் உங்கள் ஊரில் பெரிய பாதை போகிற குழு ஏதாவது இருக்கும், மாலை போடும் நாளில் கோயிலில் போய் நின்றால் தெரிந்துவிடும். அவர்களிடம் கொடுங்கள். முழு விஷயத்தையும் சொல்லிக் கொடுங்கள். ஆற்றில் நனைத்து எடுத்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள், போடும்போது உங்கள் பேரையும் அப்பா பேரையும் சொல்லிச் சரணம் விளிக்கச் சொல்லுங்கள்.

முதல் வருஷம் கல் போட மறந்த ஒருவரை எனக்குத் தெரியும். வேலை விஷயமாக வெளிநாடு போய்விட்டு, ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அந்தக் கல்லோடு ஏறினார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். குன்றில் அவர் அதைப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது, பக்கத்தில் நின்ற கன்னிசாமி ஒருவர் அதே நேரத்தில் தன் கல்லைப் போட்டார், இரண்டில் எது எந்த வருஷத்துக் கல் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியவில்லை.